சேமச்செப்பு

எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் சென்ற கார்த்திகையில், தீபத்துக்கு நான்கு நாட்கள் இருக்கையில், தன் பதினோராம் வயதில் ஓய்ந்தது. முதல்நாள் அடிப்பாகத்தில் ஒரு சொட்டு. மறுநாள் சுவரில் ஒரு கோடு. மூன்றாம்நாள் குளியலறைத் தரையில் துருநிறத்தில் ஒரு சிறு ஓடை. காயில் போனால் மாற்றலாம், தெர்மோஸ்டாட் போனால் மாற்றலாம், தொட்டி ஓட்டையானால் தூக்கித்தான் போடவேண்டும் என்று மின்பணியாளர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

கழற்றும்போதுதான் வேடிக்கை. நீரை முழுக்க வடித்த பிறகும் இரண்டு ஆள் பிடித்து இறக்கவேண்டிய கனம். அடித்தட்டின் திருகுகளை நீக்கிக் கவிழ்த்தபோது உள்ளிருந்து கற்கள் கொட்டின. மிகைப்படுத்தவில்லை, கற்களேதான். வெள்ளையும் பழுப்புமாக, பட்டை பட்டையாக, சில கோழிமுட்டை ஓடு போல வளைந்து, சில கொட்டைப்பாக்குப் போல உருண்டு. காயில் இருந்த இடத்தில் கரும்புத்துண்டு பருமனில் ஒரு வெண்தூண். அதைத் தட்டி உடைத்தால்தான் உள்ளே காயில் தெரிந்தது. "நம்ம ஊரு உப்புத் தண்ணி மேடம், எல்லா வீட்லயும் இதே கதைதான்" என்றார் அவர்.

உப்பு என்று ஊரில் எல்லோரும் சொல்வது உண்மையில் சுண்ணாம்பு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. பாறையின் பிளவுகளில் மெல்ல நடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. நீர் குளிர்ந்திருக்கும்வரை அவை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே இருக்கும். சூடாக்கினால் வாயு பிரிந்து வெளியேற, சுண்ணாம்பு கல்லாகிப் படிகிறது. சர்க்கரையைக் கரைக்கச் சுடுநீர் தேடும் நமக்கு, சூடேறச் சூடேறக் கரைய மறுக்கும் பொருளும் உண்டென்பது சற்று விசித்திரம்தான். எங்கே மிகுந்த சூடோ அங்கே மிகுந்த படிவு. ஆகவே காயில்மீதுதான் அது முதலில் அமர்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. சாத்தனூர் அணை 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்தது. அங்கிருந்து வரும் நீர் எங்களுக்குக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும். குளிப்பது, துவைப்பது எல்லாம் ஆழ்துளைக் கிணற்றில். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரிவதைப் பார்த்தாலே போதும், எண் எதுவும் தேவையில்லை.

அண்ணாமலை கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபரத்தில் பொன்னாகவும் இருந்து, கலியுகத்தில் கல்லாக நிற்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தக் கல் நீரில் கரைந்து வந்து, நெருப்பைத் தொட்டதும் மீண்டும் கல்லாகி எங்கள் வீட்டுத் தொட்டிக்குள் கிடந்தது. தலபுராணம் எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு சருக்கம் கூடியிருக்கும்.

அம்மா அந்தக் கற்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதில் போட்டாள். நுரைத்துப் பொங்கியது. "தவலையில படியும்டி, புளி போட்டுத் தேச்சா போயிடும்" என்றாள். எழுபத்தெட்டு வயதாகிறது. வேதியியல் படித்ததில்லை. மின்பணியாளர் பையில் வைத்திருந்த சிட்ரிக் அமிலப் பொட்டலமும் அதே வேலைக்குத்தான். ஆண்டுக்கொருமுறை நீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, இந்த அமிலத்தால் காயிலைக் கழுவினால் அதன் ஆயுள் நீளும் என்றார். அதைச் செய்துகொடுக்கும் கூலிக்குப் பதில் புதிதே வாங்கிவிடலாம் என்று பலர் நினைப்பதாகவும் சொன்னார்.

தவலை என்றதும் சொல்லவேண்டிய ஒன்று. வெந்நீர் அடுப்பைப் பற்றித் தமிழில் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். விறகுப்புகை மணக்கும் வெந்நீர், அண்டாவிலிருந்து எழும் ஆவி, மார்கழி விடியல், எண்ணெய்க் குளியல். நான் படித்தவரையில் அதை எழுதியவர்கள் அந்த நீரில் குளித்தவர்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்து ஈரவிறகை ஊதியவர்கள் எழுதவில்லை. அம்மாவிடம் அந்த அடுப்பைப் பற்றி எப்போது கேட்டாலும் முதலில் வருவது கண்ணெரிச்சல்தான். மணம் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த விறகு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. என் சிறுவயதில், எண்பதுகளின் பிற்பகுதியில், அண்ணாமலை ஏறக்குறைய மொட்டையாக இருந்தது. பாறையும் காய்ந்த புல்லும், கோடையில் இரவுதோறும் எங்காவது ஒரு தீக்கோடும். மலையிலிருந்து பெண்கள் சுள்ளிக்கட்டுகளைத் தலையில் சுமந்து வரிசையாக இறங்குவார்கள். தெருவில் கூவி விற்பார்கள், வாசலிலேயே பேரம் நடக்கும். 814 மீட்டர் உயரமுள்ள மலையை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் குளித்துக்கொண்டிருந்தோம். பிறகு தன்னார்வலர்களும் வனத்துறையும் ஆண்டுக்கணக்காக நட்டு, ஆடுமாடுகளிடமிருந்தும் தீயிலிருந்தும் காத்து, இன்று கிழக்குச் சரிவில் நடந்தால் நிழல் இருக்கிறது. நட்டவர்களின் உழைப்பு அது, ஐயமில்லை. வீட்டுக்கு வீடு வந்த எரிவாயு உருளைக்கும் மின்சார வெந்நீருக்கும் அந்தப் பசுமையில் சிறு பங்கு உண்டென்று நினைக்கிறேன். சுமந்து இறங்கிய பெண்கள் பிழைப்புக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது வேறு கட்டுரைக்குரிய கேள்வி.

இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் இருந்தது. அது செப்பு பாய்லரின் காலம். நடுவே ஒரு குழாய், அதில் கரியோ கொட்டாங்கச்சியோ எரியும். சுற்றிலும் நீர். மேலே இருக்கும் புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியே ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றாவிட்டால் வராது. இன்றைய ஹீட்டரின் உள்ளமைப்பும் இதேதான். குளிர்நீர் அடியில் நுழைகிறது. வெந்நீர்க் குழாயின் வாய் தொட்டியின் உச்சியருகே இருக்கிறது. நாம் குழாயைத் திறந்ததும் கீழே நுழையும் நீர் மேலே இருப்பதைத் தள்ளி வெளியேற்றுகிறது. கொட்டாங்கச்சிக்குப் பதில் காயில், புனலுக்குப் பதில் மாடித்தொட்டி. அடிப்படை மாறவில்லை.

('கீசர்' என்ற பெயர் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்து அதற்கு அந்த ஊற்றின் பெயரையே வைத்தார். நீரைச் சேர்த்துவைத்துத் தானாகச் சூடேற்றும் தொட்டியை 1889இல் அமெரிக்காவில் எட்வின் ரூட் செய்தார். நம்மூரில் சுவரில் தொங்குவது ரூட் வழிவந்தது. பெயர்மட்டும் மாகன் வைத்தது.)

கலைச்சொல் ஆக்குவோர் இதற்கு 'நீர்சூடேற்றி' என்கிறார்கள். பொருள் சரிதான், ஆனால் சேமிப்பு என்கிற பாதி விடுபட்டுப்போகிறது. எனக்கு இதற்கான சொல் குறுந்தொகையில் இருக்கிறது. 277ஆம் பாட்டு, ஓரிற்பிச்சையார் பாடியது. தலைவன் பொருள்தேடிப் போயிருக்கிறான். வாடைக்காலம் எப்போது வரும் என்று தோழி ஓர் அறிவரிடம் கேட்கிறாள், ஏனெனில் அப்போது அவன் திரும்புவான். நற்சொல் சொல்லப்போகிற அவரை வாழ்த்துகிறாள். குற்றமற்ற தெருவில், நாய் இல்லாத அகன்ற வாயிலில், ஒரே வீட்டில் வயிறுநிறையச் செந்நெற்சோறும் வெண்ணிற நெய்யும் உமக்குக் கிடைக்கட்டும், முன்பனிக்கு இதமான வெந்நீர் சேமச்செப்பில் கிடைக்கட்டும் என்கிறாள். சூடு போகாமல் நீரைச் சேமித்துவைக்கும் செப்பு. புலவரின் இயற்பெயர் போய்விட்டது, அந்த ஒருவீட்டுப் பிச்சையே பெயராக நின்றுவிட்டது.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் நாயில்லாத வாசலுக்குச் சிரிப்பார்கள். கிரிவலப் பாதையில் நடந்து பழகிய எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாசலாக நிற்க வேண்டியவருக்கு நாய் ஒரு பெரிய விஷயம். இன்னொன்று: 'தண்' என்றால் குளிர்ச்சி, ஆகவே 'சுடுதண்ணீர்' பிழை என்று இலக்கணம் பேசுவோர் உண்டு. அந்தப் புலவரும் தண்ணீரோடுதான் வெப்பத்தைச் சேர்த்திருக்கிறார். என் அம்மா சுடுதண்ணி என்பதற்கு இரண்டாயிரமாண்டு ஆதரவு இருக்கிறது.

கடையில் நடந்ததை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. விற்பனையாளர் காட்டியவை நட்சத்திரங்களும் வெளிப்புற நிறமும் எண்திரையும். நட்சத்திரம் வேண்டியதுதான். அது சூட்டைக் காக்கும் காப்புறை எவ்வளவு நல்லது என்பதைச் சொல்கிறது. சூடேற்றும் செலவு எல்லா ஹீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றே. 25 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற ஒரு யூனிட் மின்சாரம் ஆகும், 2 கிலோவாட் காயிலுக்கு அரைமணி நேரம். இதில் எந்த நிறுவனமும் மாயம் செய்ய முடியாது. நான் கேட்டது வேறு. காயில் கடின நீருக்கு ஏற்ற கலப்புலோகமா, உட்சுவருக்குக் கண்ணாடிப் பூச்சு உண்டா, மக்னீசியக் கம்பியைத் தனியே மாற்ற முடியுமா? மூன்றாவது கேள்விக்கு அவர் உள்ளே போய் மேலாளரை அழைத்துவந்தார்.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொட்டி இரும்பு. பூச்சில் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால் துரு அங்கே பிடிக்கும். அதைத் தடுக்க உள்ளே ஒரு மக்னீசியக் கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். இரும்பைவிட எளிதில் அரிபடக்கூடிய உலோகம் அது. துருவெல்லாம் தன்னிடம் வரட்டும் என்று தன்னைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அது கரைந்து தீர்ந்தபின் தொட்டியின் முறை. எங்கள் பழைய ஹீட்டரில் கம்பி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தண்டு மட்டும் எஞ்சியிருந்தது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைக் குப்பையில் போடச் சற்றுக் கூச்சமாக இருந்தது. ஆநிரை காத்து வீழ்ந்தவனுக்கு ஊர் கல்லாவது நட்டது.

புதியதை மாட்ட வந்த அன்று, சுவரில் துளையிடுவதற்கு முன்பே மின்பணியாளர் ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு கம்பிகளைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் இருந்த 16 ஆம்பியர் பிளக்கின்முன் நின்றார். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தார். எரியவில்லை. மறுபடி வைத்தார். எரியவில்லை. பிளக்கைக் கழற்றினார். எர்த் முனையில் பச்சைக்கம்பி இருந்தது. ஒரு விரல் நீளம். அதன் மறுமுனை பெட்டிக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. அது எங்கும் போகவில்லை.

வீடு கட்டப்பட்ட காலத்தில் கம்பி இழுத்தவர் அப்படி விட்டுச்சென்றிருக்கிறார். சோதிக்க வருபவர் மேலட்டையைப் பார்ப்பார், மூன்று துளையும் சரியாக இருக்கும். 1989 செப்டம்பர் 30இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் அமைந்தது. ஏரிப்பாசனத்து நிலமெல்லாம் மனைகளாயின. 'கால்' என்றால் நீரோடும் வழி. இன்று அந்த வழிமேல் தெருக்கள். இத்தனை வேகத்தில் எழுந்த வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத வேலை எப்படி நடந்திருக்கும் என்பதற்கு அந்த விரல்நீளக் கம்பி ஒரு சான்று.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், பதினோரு ஆண்டுகள் ஓடியதே? இங்கேதான் கல்லும் கம்பியும் சேர்கின்றன. காயில் என்பது ஓர் உலோகக் குழல். நடுவே மின்சாரம் ஓடும் சுருள், சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஒரு வெண்பொடி. சுண்ணாம்பு மூடினால் சூடு நீருக்குப் போக வழியின்றிக் குழலுக்குள்ளேயே தங்கும். ஒருநாள் குழல் வெடித்துப் பிளக்கும். அப்போது ஃபேஸ் நேராக நீரைத் தொடும். எர்த் இருந்தால் அந்த மின்சாரம் தொட்டியின் உடல்வழியே மண்ணுக்கு ஓடும், பாதுகாப்பு சுவிட்ச் தட்டி விழும். எர்த் இல்லையென்றால் அது காத்திருக்கும், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் குழாயைத் தொடும்வரை. மென்னீர் ஊரில் இந்த ஆபத்து மெல்ல வரும். எங்கள் ஊரில் கல் அதை விரைவுபடுத்துகிறது. பழைய காயிலின் வெண்தூணை உடைத்தபோது குழலில் ஒரு நீளமான விரிசலும் தெரிந்தது. தொட்டி முதலில் ஓட்டையாகி எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தினமும் முதலில் குளிப்பவள் அம்மா.

"எர்த் போடாம நான் மாட்டமாட்டேன் மேடம், வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார் மின்பணியாளர். அதற்குமுன் நான் ஒன்றும் மறுத்துச் சொல்லியிருக்கவில்லை. பலரும் மறுப்பார்கள்போல, அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது அவரிடம்.

கொல்லையில் குழி தோண்டினார்கள். ஐந்தடியில் பாறை. இடம் மாற்றி, துணிதுவைக்கும் நீர் போகும் வாழையடியில் தோண்டியதில் எட்டடி கிடைத்தது. நல்லதாயிற்று, எர்த்துக்கு ஈரம் வேண்டும். துளையிட்ட ஜி.ஐ. குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார்கள். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும், உப்பு மின்சாரத்துக்கு வழிவிடும். "சுடுதண்ணி மிஷின் மாட்டறேன்னு சொல்லிட்டு என்ன தம்பி, கரியும் உப்பும் கேக்கற?" என்றாள் அம்மா. "மிஷின் நாளைக்குக்கூட மாட்டலாம்மா, இதுதான் முக்கியம்" என்றார் அவர். கோடையில் வாரம் ஒருமுறை குழாய் வாயில் ஒரு குடம் நீர் ஊற்றவேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள், துளசிமாடத்தோடு சேர்த்து.

மறுநாள் மாட்டினார். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, தொட்டி நிரம்பி நீர் வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே சுவிட்சைப் போட்டார். வெறுந்தொட்டியில் போட்டால் காயில் அன்றைக்கே முடிந்தது. சூடேறும்போது அழுத்த வால்விலிருந்து சிறிது நீர் சொட்டினால் பயப்படவேண்டாம், நீர் சூட்டில் விரியும், அந்த வழியை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள் என்றார். (கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 லிட்டர் 60 பாகைக்குப் போகும்போது ஏறக்குறைய ஒன்றரை டம்ளர் கூடுகிறது.) பாதுகாப்பு சுவிட்சின் சோதனைப் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார். வீடு முழுக்க மின்சாரம் நின்றது. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் அவருக்கு வேலை. நான் சொல்லி ஒன்றிரண்டு பேர், அவர்கள் சொல்லி வேறு சிலர். ஆறு வீடுகளில் அந்தப் பல்பை வைத்துப் பார்த்தார். மூன்றில் எரியவில்லை. ஒன்றில் மங்கலாக எரிந்தது, அதுவும் போதாது என்றார். ஒரு வீட்டுக்காரர், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்.

கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, தனியாக இருப்பவர். ஹீட்டரே கிடையாது. பிளாஸ்டிக் வாளியில் இம்மர்ஷன் ராடைத் தொங்கவிட்டு, சூடாயிற்றா என்று விரலை விட்டுப் பார்ப்பது வழக்கம் என்று சாதாரணமாகச் சொன்னார். பிளக்கில் எர்த் துளையே இல்லை, இரண்டு துளைதான். மின்பணியாளர் ஒன்றும் பேசாமல் ராடைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார். புதுக் கம்பி இழுத்து, குழி தோண்டி முடிக்க நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் காலை ஆறு மணிக்கு அம்மா ஒரு பெரிய தூக்கில் வெந்நீர் பிடித்து, மூடியை அழுத்தி, மேலே துண்டைச் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள்.